தங்கை பெயரில் எடுத்த படம்

மார்ச் 3

என் எலிக்குஞ்சுக்கு,

உன் கடிதம் வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், கை கால் இரண்டிலும் விரல் போதவில்லை. உங்கள் அலுவலகத்தில் பேனாவுக்குத் தட்டுப்பாடா, இல்லை அக்கா என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோய்விட்டதா? போனில் பேசியிருக்கலாமே என்று சொல்லாதே. அச்சகத்தில் மடிப்பு இயந்திரத்தின் பக்கத்திலேயே பதினேழு வருஷம் நின்று என் காது போன கதை உனக்குத் தெரியும். நான் போனில் பேசினால் எதிர்வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்கிறாள். அதனால் வழக்கம்போல வெட்டி எறியும் ஓரத் தாளில் எழுதுகிறேன். நீளம் இருக்கிறது, அகலம் இல்லை. மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே. இடது மார்பில், அக்குளை ஒட்டி, ஒரு கட்டி. போன வருஷம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அப்போது கடலைப் பருப்பு அளவுதான். இப்போது பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கிறது. மேலே தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்திருக்கிறது. வலி கிடையாது.

"ஒரு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தே?" என்று நீ குதிப்பது இங்கே கேட்கிறது. எல்லாம் உன் கடிதத்தை நம்பித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அலுவலகத்தில் நாற்பது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை என்று மருத்துவ அட்டையில் குறித்துக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பயம். "நீ போக்கா என் பேர்ல, எங்க ஆபீஸ் புண்ணியத்துல உனக்காவது பாத்துக்கலாம்" என்றாய். நானும் உன் அட்டையை எடுத்துக்கொண்டு, உன் பிறந்த தேதியை மனப்பாடம் செய்துகொண்டு, அவர்கள் உன் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன். முடிவு உன் வீட்டு விலாசத்துக்கு வந்தது. எல்லாம் நல்லபடி, ஒன்றும் இல்லை என்று நீ எழுதினாய். இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் படம் எடுத்தே ஒன்றும் இல்லை என்றால், கைக்குத் தட்டுப்படுவது வெறும் கொழுப்பாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் தெருமுனை டாக்டரம்மாவிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தவர் கையை எடுக்கவே இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரியின் மார்பகப் பிரிவுக்குச் சீட்டு எழுதிவிட்டார். இருபத்து நான்காம் தேதி காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும்முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று நான்கு பக்கத்துக்கு ஒரு தாளும் கொடுத்தார்கள். மடிப்பு கோணல். எங்கள் அச்சகமாக இருந்தால் போர்மேன் அதைத் திருப்பி எறிந்திருப்பார். பவுடர் போடக் கூடாதாம். மேலே தனி, கீழே தனி என்று இரண்டு துண்டாக உடுத்தி வர வேண்டுமாம். டாக்டர் தொட்டுப் பார்ப்பது, எக்ஸ்ரே படம், ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம், நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டுமாம்.

கடைசியில், தடித்த எழுத்தில், முன்பு வேறெங்காவது படம் எடுத்திருந்தால் தவறாமல் கொண்டுவரவும் என்று இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் பழைய படம் உன் ஊர் ஆஸ்பத்திரியில் உன் பெயரில் இருக்கிறது. அட்டைக்காரி கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள். ஒரு நாள் மதியம் போய் வாங்கி அனுப்பிவிடு. முடியும்தானே?

உன் அக்கா

*

மார்ச் 7

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துப் படித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரி பார்த்துவிடக் கூடாதே என்று கழிவறையில் போய் அழுதேன். நீ எப்போதும் இப்படித்தான். இடி விழுந்ததையும் மழை பெய்ததையும் ஒரே குரலில் சொல்வாய்.

அக்கா, ஒன்றும் இருக்காது. கட்டி என்றாலே அதுவாகத்தான் இருக்க வேண்டுமா? எங்கள் கணக்குப் பிரிவில் ஒருத்திக்கு இதே மாதிரி வந்து, ஊசி குத்தித் தண்ணீரை எடுத்ததும் வற்றிவிட்டது. பவுடர் மட்டும் இல்லை, அக்குளில் எதுவுமே பூசிக்கொண்டு போகாதே, அதெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுமாம். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடு. சாப்பிட்டுவிட்டுப் போ. கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள். காது கேட்காது, தாளில் எழுதிக் காட்டுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு. கேட்காததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வராதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

பழைய படத்துக்காக மெனக்கெட வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆறு வருஷத்துப் படத்தை வைத்து இப்போது என்ன செய்வார்கள்? புதிதாக எடுப்பதுதானே துல்லியம். இங்கே அலுவலகத்திலும் வருஷக் கடைசி, அரை நாள் லீவு கேட்டாலே மேலதிகாரி முகம் கோணுகிறது.

அவர் நலம். இடுப்பு ஆபரேஷன் செய்தவர் ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கேட்டால்தானே? வயரிங் வேலை என்று கூப்பிட்டால் போதும், ஓடிவிடுகிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இருபத்து நான்காம் தேதி நான் வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை

*

மார்ச் 10

எலிக்குஞ்சே,

நீ வருகிறேன் என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். சொல்லப் போவதில்லை. வா.

ஆனால் படத்தை விட்டுவிட்டு வராதே. நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே மார்பகப் பிரிவுக்கு நடந்து போய்க் கேட்டேன். அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறார், குள்ளமாக, கண்ணாடி மூக்கு நுனியில். என் காதைப் பற்றிச் சொன்னதும் ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக் காட்டினார். இந்த ஊரில் என்னிடம் யாரும் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. பழைய படம் எதற்கு என்று கேட்டேன். "புதுப் படத்துல ஒண்ணு தெரிஞ்சா அது எப்ப வந்துச்சு, எவ்வளவு வேகமா வளருதுன்னு பழச வச்சுத்தான் சொல்ல முடியும்மா" என்று எழுதினார். பார்த்தாயா? நீ உன் கணக்குப் பிரிவு டாக்டரின் பேச்சைக் கேட்காதே. ஒரு கையெழுத்து, ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான் நான் கேட்பது. அதற்குப் போய் வருஷக் கடைசி, வருஷ முதல் என்று சாக்குச் சொல்கிறாயே, உன்னைப் பெற்றவள் இருந்தால் காதைத் திருகியிருப்பாள்.

பெற்றவள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை வயதில் பெரியவளானாய், எத்தனை பிள்ளை, என்ன மாத்திரை என்று இரண்டு பக்கம். பிள்ளை இல்லை, மாத்திரை இல்லை, வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் என்று மளமளவென்று எழுதிவிட்டேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பில் நோய் இருந்ததா என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. அம்மாவுக்கு என்ன இருந்தது? "உடம்பு சரியில்ல" என்றார்கள். பிறகு "போயிட்டா" என்றார்கள். நடுவில் என்ன நடந்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. சித்தி உன் ஊரில்தானே இருக்கிறாள்? போய்க் கேட்டு எழுது.

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நேற்றுச் சித்தி வீட்டுக்குப் போனேன். முதலில் பேச்சே கொடுக்கவில்லை. சரியான கல்லுளிமங்கி. பழைய கதை இப்போது எதற்கு, பேரப்பிள்ளைகள் படிக்கிற நேரம் என்று என்னென்னவோ சொன்னாள். உனக்குக் கட்டி என்று சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னைச் சமையலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"உங்கம்மாவுக்கு மார்லதான்டி. புண்ணாப் போயி வாடை வர்ற வரைக்கும் யாருக்கும் காட்டல. துணிய மடிச்சு உள்ள வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் உங்களுக்குச் சமைச்சுப் போட்டா. எனக்குத் தெரிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்கப்பாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கினா. நானும் வாயத் தொறக்கல. பாவி நான்."

இதைப் படிவத்தில் எழுதிவிடு அக்கா. அம்மாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

படத்துக்கும் கேட்டேன். ஐந்து வருஷத்துக்கு மேல் பழைய படங்களை வைத்துக்கொள்வதில்லையாம், கழித்துவிடுவார்களாம். என்ன செய்வது, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதையே நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இருபத்து மூன்றாம் தேதி ராத்திரி பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுவேன்.

உன் தங்கை

*

மார்ச் 17

தங்கச்சி,

அம்மா விஷயத்தை எழுதிவிட்டேன். நம்மை மடியில் போட்டுத் தூங்க வைத்தபோதெல்லாம் அந்தப் புண் அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு நாளாவது முகம் சுளித்தாளா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

இன்னொரு விஷயம். படிவத்தைக் கொடுக்கப் போனபோது அந்தக் குள்ள நர்ஸிடம், பழைய படத்தைக் கழித்துவிட்டார்களாம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "பத்து வருஷம் வச்சிருப்பாங்களே" என்று எழுதிக் காட்டிவிட்டு, படம் என்ன பெயரில் இருக்கிறது என்று கேட்டார். எனக்கு முகம் வேர்த்துவிட்டது. மெதுவாக உண்மையைச் சொன்னேன், என் உடம்பு, தங்கையின் அட்டை என்று. திட்டுவார் என்று நினைத்தேன். பெருமூச்சுதான் விட்டார். அப்புறம் உன் ஊருக்குப் போன் போட்டார். பத்து நிமிஷம் பேசினார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கேட்டால் கையெழுத்து வேண்டாமாம், கம்ப்யூட்டரிலேயே அனுப்பிவிடுவார்களாம். படத்தோடு ஒரு குறிப்பும் இருக்கிறதாம். நர்ஸ் எழுதிக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன்: "இடது பக்கம் சந்தேகத்துக்குரிய புள்ளிகள். கூடுதல் படம் எடுக்க இரண்டு வாரத்தில் வரும்படி கடிதம் அனுப்பப்பட்டது. ஏழு வாரம் கழித்து நினைவூட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது. வரவில்லை."

உன் வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். தபாலில் தொலைந்திருக்கும், இல்லையா? அந்த வருஷம் உங்கள் தெருவுக்குப் புதுத் தபால்காரர் வந்து எல்லாக் கடிதத்தையும் மாற்றிப் போடுகிறார் என்று நீ எழுதியிருந்ததாக ஞாபகம். வேறு யாருக்கோ வந்த நல்ல கடிதத்தை நீ எனக்கு வந்தது என்று நினைத்துவிட்டாயா? அப்படியும் நடக்கும். எப்படி நடந்தது என்று எனக்கு எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

தபாலில் தொலையவில்லை. இரண்டு கடிதமும் என் கைக்கு வந்தன.

நீ எனக்காகத் தபால்காரர் மேல் பழி போட்டு எழுதியதைப் படித்த பிறகு என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. படத்தைக் கழித்துவிட்டார்கள் என்றதும் பொய். நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

நீ பரிசோதனைக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள் முதல் கடிதம் வந்தது. அதே வாரம் எங்கள் அலுவலகத்தில் அட்டை விசாரணை நடந்துகொண்டிருந்தது. கணக்குப் பிரிவில் இரண்டு பேர் சொந்தக்காரர்களுக்கு அட்டையைக் கொடுத்தார்கள் என்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அவர் அப்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தார். ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள், அதுவும் இதே அட்டையில், இதே ஆஸ்பத்திரியில். நீ மறுபடி வந்து, யாராவது உன் முகத்தையும் என் முகத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் என் வேலையும் போகும், அவர் ஆபரேஷனும் போகும் என்று தோன்றியது. கடிதத்தோடு ஒரு சின்னத் தாள் இருந்தது. மறுபடி அழைக்கப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒன்றும் இருப்பதில்லை என்று அதில் போட்டிருந்தது. அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டேன். என் அக்கா அந்தப் பத்தாவது ஆளாக இருக்க மாட்டாள் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். கிழித்துப் போட்டேன். உட்கார்ந்து உனக்கு நல்லபடி என்று எழுதினேன்.

இரண்டாவது கடிதம் வந்தபோது அவர் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். அதையும் கிழித்தேன். அதற்குள் உனக்குப் பொய் எழுதி ஆகிவிட்டது. அந்தப் பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். உன் கடிதம் வரும், அதில் நீ போர்மேனைக் கிண்டல் பண்ணியிருப்பாய், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று விட்டுவிடுவேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான் அக்கா. ஆறு வருஷம் மூடிக்கொண்டிருந்தேன்.

சித்தி என் முன்னால் உட்கார்ந்து பாவி நான் என்று அழுதாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருபத்து நான்காம் தேதி வருகிறேன். எல்லார் முன்னாலும் என்னை அடி. உன் கையால் அடி. வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே.

தங்கை

*

மார்ச் 25

அக்கா,

வந்தேன். நேற்றுக் காலை ஏழு மணிக்கே வந்து அந்தப் பிரிவின் வெளிவராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். நீல நாற்காலி வரிசை, சுவரில் ஒரு கடிகாரம். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அனேகமாக எல்லோருடனும் யாராவது ஒருத்தர் வந்திருந்தார்கள், அம்மாவோ மகளோ கணவரோ. உள்ளே போகும்போது கைப்பையை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்பதரை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"அவங்க தேதிய முன்னாடியே மாத்தி வாங்கிட்டாங்களே. முந்தாநாளே வந்து எல்லாம் பாத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க யாரு?" என்றாள்.

தெரிந்தவள் என்று சொன்னேன்.

உன் வீடு பூட்டியிருந்தது. அச்சகத்துக்குப் போனேன். உள்ளே இயந்திரச் சத்தம் கேட்டது, நீ உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்தது. போர்மேன் வெளியே வந்தார். நீ கிண்டல் பண்ணி எழுதும் அதே மனிதர்தான், காதில் பென்சில். அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "அவங்க பாக்க விரும்பலம்மா. நீங்க கௌம்புங்க. வெயிலா இருக்கு, தண்ணி ஏதாவது குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

சாயங்காலம் வரை எதிர்ப்பக்கம் நின்றேன். நீ பின்வாசல் வழியாகப் போயிருப்பாய்.

ஊசி போட்டார்களா? முடிவு எப்போது? ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தங்கை

*

ஏப்ரல் 11

தங்கைக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதில் இருப்பதை மட்டும் படித்துக்கொள்.

இருபத்திரண்டாம் தேதி தனியாகத்தான் போனேன். அந்த நர்ஸ் என்னுடனேயே இருந்தார். படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், நான்கு இடத்தில் ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். எட்டாம் நாள் முடிவு வந்தது. அதற்குப் பிறகு உடம்பு முழுக்க இன்னொரு ஸ்கேன். முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. இனி மார்பை எடுத்தும் பயனில்லையாம், மாத்திரையும் ஊசியும் கொடுத்து இழுத்துப் பிடிக்கலாமாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "இந்த வருஷம் நல்லாப் போகுதான்னு பாப்போம்" என்று டாக்டர் எழுதிக் காட்டினார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் உப்புத் தூளைச் சிதறவிட்ட மாதிரி நாலைந்து புள்ளி. புதியதில் பாதி மார்பு வெள்ளை. "அப்ப வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்மா. கூப்பிட்டும் ஏன் வரல?" என்று எழுதிக் கேட்டார். அவருக்குக் கோபம். நல்ல டாக்டர்கள் அப்படித்தான் கோபப்படுவார்கள் என்று நினைக்கிறேன். தங்கைக்குத் தெரியாமல் அவள் அட்டையை நான்தான் எடுத்துப் போனேன், கடிதம் வந்ததும் பயந்துபோய் நானே கிழித்துப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் காதுக்கே கேட்கும்படி கால் மணி நேரம் திட்டினார். படித்த மாதிரி இருக்கிறீர்கள், இவ்வளவு முட்டாளாகவா இருப்பீர்கள் என்று கேட்டார். கேட்டுக்கொண்டேன். நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் நம்பவில்லை. உன் அலுவலகத்துக்கு யாரும் எழுத மாட்டார்கள். அதைப் பற்றி நீ பயப்பட வேண்டாம்.

நீ காரணம் எழுதியிருந்தாய். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாப்பிள்ளைக்காகச் செய்தாய் என்பதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் படுத்திருந்தபோது நானும் எதையும் செய்திருப்பேன். ஆனால் ஒரு கேள்வி எனக்கு விடியும் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. அட்டையையும் காப்பாற்றி என்னையும் காப்பாற்ற ஒரே ஒரு வரி போதுமே. "அக்கா, இங்கே வராதே, உன் ஊரிலேயே உன் பேரில் போய்க் காட்டு" என்று எழுதியிருந்தால் நான் மறுநாளே தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருப்பேன். உன் வேலைக்கும் ஆபத்தில்லை, அவர் இடுப்புக்கும் ஆபத்தில்லை. அந்த ஒரு வரி உனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியிருக்கும். நான் உன்னைக் கோபித்துக்கொள்வேனோ, ஏன் என்னை இதில் மாட்டிவிட்டாய் என்று கேட்பேனோ என்று பயந்திருப்பாய். ஒரு வாய்ச் சண்டைக்குப் பயந்தாய். உன்னை எனக்குத் தெரியும், நான் வளர்த்தவள்தானே. அதனால்தான் தாங்க முடியவில்லை.

இனி முக்கியமான விஷயம். அம்மாவுக்கும் இருந்து எனக்கும் இருப்பதால், கூடப் பிறந்தவள் உடனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு நாற்பத்தேழு ஆகிறது. உன் உடம்பை இதுவரை ஒரு இயந்திரமும் பார்த்ததில்லை. உன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகாதே, அங்கே உன் பெயரில் இருப்பது என் மார்பு, அதை வைத்து உன்னைப் பார்த்தால் எல்லாம் தப்பாகிவிடும். இங்கேயே உன் பெயருக்கு, மே மாதம் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். என் ஊசி நாள் செவ்வாய், அதனால் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.

அந்த நர்ஸைக் கேட்டுப் போ. தட்டு ஜில்லென்று இருக்கும், நன்றாக நசுக்குவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் சீக்கிரம் முடிந்துவிடும். ஊசி என்று சொன்னால் சம்மதி. குத்தும்போது பட்டென்று ஒரு சத்தம் வரும், உனக்குக் கேட்கும், உடம்பை உதறிவிடாதே. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு வா. மறுபடி வரச் சொல்லி ஏதாவது கடிதம் வந்தால் அன்றைக்கே கிளம்பு.

முடிவு என்ன என்று எனக்கு எழுதாதே. நல்லது என்று நீ எழுதினால் என்னால் நம்ப முடியாது. கெட்டது என்று எழுதினால் தாங்க முடியாது.

இந்த விலாசத்துக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம். தபால்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

அக்கா